அதே ஆட்கள், வேறு தொழிற்சாலை

மார்ச், ஏப்ரல் வந்தால் எங்கள் வட்டாரத்தில் ஒரே புலம்பல். "டீம்ல ஆள் சரியில்லைங்க." அப்ரைசல் காலம் அல்லவா? ஐடி நண்பர்கள் சொல்கிறார்கள், ஆலையில் இருப்பவர்கள் சொல்கிறார்கள், ஹோட்டல் வைத்திருக்கும் என் சித்தப்பா வருஷம் முழுக்கச் சொல்கிறார். நல்ல ஆள் வேண்டுமென்று தேடிப் பிடித்துக் கொண்டுவருவார்கள். ஆறு மாதம் கழித்துக் கேட்டால் அந்த நல்ல ஆளும் சரியில்லாத ஆளாகியிருப்பார். திரும்பவும் இன்டர்வியூ.

நான் ஓசூர்ப் பக்கம் வாகன உதிரிபாகத் தொழிற்சாலைகளில் குவாலிட்டி பிரிவில் காலம் தள்ளுகிறவன். இத்தனை வருஷத்தில் எனக்கு உறுதியாகிப்போன ஒரு விஷயம் உண்டு. ஒரு டீம் திரும்பத் திரும்ப ஒரே மாதிரி சொதப்புகிறது என்றால், அவர்களை அப்படிச் சொதப்ப வைக்கிற ஏற்பாடு ஒன்று அங்கே இருக்கிறது. வேலை யார் கையிலிருந்து யார் கைக்குப் போகிறது, சிக்கல் வந்தால் யார் காதுக்கு எட்டுகிறது, எந்த எண்ணை வைத்து யாரை அளக்கிறார்கள், இவையெல்லாம் சேர்ந்ததுதான் அந்த ஏற்பாடு. சிஸ்டம்ஸ் திங்கிங் என்று பயிற்சி வகுப்புகளில் அம்புக்குறி போட்டு விளக்குவது இதைத்தான். அம்புக்குறிகளை விட்டுவிட்டு ஒரு தொழிற்சாலையின் கதையைச் சொல்கிறேன்.

ஃப்ரீமான்ட்

கலிபோர்னியாவில் இருக்கிற ஊர். அங்கே ஜெனரல் மோட்டார்ஸ் நடத்திய கார் ஆலை, அந்த நிறுவனத்திலேயே படுமோசம் என்று பேர் வாங்கியது. எந்த நாளை எடுத்துக்கொண்டாலும் ஐந்தில் ஒருவர் வேலைக்கு வரமாட்டார். சில திங்கட்கிழமைகளில் லைனை ஓட்டவே ஆள் இருக்காது. ஆலைக்குள்ளேயே குடி. திடீர் வேலைநிறுத்தங்கள். யூனியன் கொடுத்த புகார்கள் ஆயிரக்கணக்கில் தேங்கிக் கிடந்தன. நிர்வாகத்தின் மேல் இருந்த கடுப்பில் சிலர் கார் கதவுக்குள் கோக் பாட்டிலைப் போட்டு மூடிவிடுவார்களாம். வாங்கினவர் வண்டி ஓட்டும்போதெல்லாம் உள்ளே கடகடவென்று சத்தம் வரும், எங்கிருந்து என்று கண்டுபிடிக்க முடியாது. கடைசியில் 1982-ல் ஜிஎம் ஆலையை இழுத்து மூடியது.

அந்த ஆலைக்குத்தான் டொயோட்டா வந்தது. அமெரிக்க மண்ணில், அமெரிக்கத் தொழிலாளர்களை வைத்து கார் செய்ய முடியுமா என்று டொயோட்டாவுக்குத் தெரிய வேண்டியிருந்தது. சின்னக் காரை லாபத்தில் செய்வது எப்படி என்று ஜிஎம்முக்குத் தெரிய வேண்டியிருந்தது. இரண்டும் சேர்ந்து நம்மி என்ற கூட்டு நிறுவனத்தைத் தொடங்கின. நிர்வாகம் டொயோட்டா கையில். 1984 டிசம்பரில் உற்பத்தி ஆரம்பமானது.

யாரை வைத்து? நம்மி எடுத்த தொழிலாளர்களில் சுமார் 85 சதவீதம் பேர் மூடப்பட்ட அதே ஆலையின் பழைய ஆட்கள். அதே யூனியன், அதே தலைவர்கள். "இவனுங்களை வெச்சு ஒண்ணும் பண்ண முடியாது" என்று ஜிஎம் கைகழுவிய கூட்டம்.

1986 முடிவதற்குள் அந்த ஆலையின் உற்பத்தித்திறன் பழைய ஃப்ரீமான்டைப்போல் இரண்டு மடங்கைத் தொட்டுவிட்டது. தரம் ஜப்பானில் இருந்த டொயோட்டாவின் தகாவோகா ஆலைக்குப் பக்கத்தில் வந்து நின்றது. வேலைக்கு வராதவர்களின் விகிதம் 20 சதவீதத்துக்கு மேல் இருந்தது, 2 முதல் 4 சதவீதத்துக்குள் இறங்கியது. பால் ஆட்லர் என்ற பேராசிரியர் அந்த ஆலைக்குள் போய் ஆராய்ந்து விரிவாக எழுதியிருக்கிறார். ஆட்கள், கட்டடம், யூனியன் எல்லாம் பழசு. அப்படியானால் எதுதான் மாறியது?

கயிறும் கயிற்றுக்குப் பின்னால் இருப்பதும்

பழைய ஆலையில் எழுதாத சட்டம் ஒன்று இருந்தது. என்ன ஆனாலும் லைன் நிற்கக் கூடாது. போல்ட் சரியாக ஏறவில்லையா, கார் நகரட்டும். வேறு மாடலின் பாகம் மாட்டிவிட்டார்களா, நகரட்டும். ஆலைக்கு வெளியே திறந்தவெளியில் இப்படி அரைகுறைக் கார்கள் வரிசைகட்டி நிற்கும். அவற்றைப் பிரித்துச் சரிசெய்யத் தனியாக ஆட்கள்.

நம்மியில் ஒவ்வொருவர் தலைக்கு மேலும் ஒரு கயிறு போனது. சிக்கல் என்றால் இழுக்க வேண்டியதுதான். இசை ஒலிக்கும், பலகையில் விளக்கு எரியும், டீம் லீடர் வந்து நிற்பார். கார் அந்த இடத்தின் எல்லைக்கோட்டைத் தொடுவதற்குள் சரியாகிவிட்டால் லைன் நிற்காமலே ஓடும். சரியாகவில்லை என்றால் நிற்கும். ஒருவர் தன் வேலையை ஒருமுறை செய்து முடிக்க ஆகும் நேரம் ஏறத்தாழ ஒரு நிமிடம். உதவியும் அந்த ஒரு நிமிடத்துக்குள் வந்து சேர வேண்டும்.

நம்மியைப் பற்றிப் பேசுகிறவர்கள் பலரும் இந்தக் கயிற்றோடு நின்றுவிடுகிறார்கள். ஒரு நிமிடத்தில் ஒருவர் வந்து நிற்க என்னென்ன வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். லீடர் பக்கத்திலேயே இருக்க வேண்டும். அவர் பொறுப்பில் முப்பது பேர் இருந்தால் முடியாது. அதனால் நாலு முதல் ஆறு பேருக்கு ஒரு லீடர் என்று வைத்தார்கள். வந்தவருக்கு அந்த வேலை தெரிந்திருக்க வேண்டும். அதனால் குழுவில் எல்லோரும் எல்லோருடைய வேலையையும் பழகினார்கள். அப்படிப் பழக, "இது என் வேலை இல்லை" என்று சொல்ல வைத்த எண்பதுக்கும் மேற்பட்ட வேலைப் பிரிவுகளை விரல்விட்டு எண்ணும் அளவுக்குச் சுருக்க வேண்டியிருந்தது. அதற்கு யூனியன் சம்மதிக்க வேண்டும். வேலை போகாது என்று நம்பிக்கை வராமல் எந்த யூனியன் சம்மதிக்கும்? அதனால் நிறுவனமே பிழைக்க முடியாத நெருக்கடி வந்தாலொழிய ஆட்குறைப்பு கிடையாது என்று ஒப்பந்தத்தில் எழுதிக்கொடுத்தார்கள்.

எழுதிக்கொடுப்பது சுலபம். 1987-88-ல் அவர்கள் செய்த செவர்லே நோவா கார் சரியாக விற்கவில்லை. ஆலையின் கொள்திறனில் 60 சதவீதம்கூட ஓடவில்லை. அப்போதும் யாரையும் வீட்டுக்கு அனுப்பவில்லை. உபரியாக இருந்தவர்களைப் பயிற்சியிலும் வேலையைச் சீர்படுத்தும் பணிகளிலும் போட்டார்கள். பழைய ஃப்ரீமான்ட் ஆட்கள் கயிற்றை முழுசாக நம்ப ஆரம்பித்திருந்தால் அது இந்தச் சமயத்தில்தான் இருந்திருக்கும் என்பது என் ஊகம்.

ஒரு கயிறு வேலை செய்ய வேலைப் பிரிவு, குழுவின் அளவு, பயிற்சி, ஒப்பந்தம் எல்லாம் சேர்ந்து நிற்க வேண்டியிருக்கிறது. இதில் ஒன்றை உருவிவிட்டால் மிச்சமிருப்பது உத்தரத்தில் தொங்கும் வெறும் கயிறு.

சி ஷிப்ட் பசங்க

நம்ம ஊர் உதாரணம் ஒன்று. நான் இருந்த ஓர் ஆலையில் ஒரு போரிங் லைன். வார்ப்புப் பாகத்தில் துளையைக் கடைந்து அளவுக்குக் கொண்டுவரும் வேலை. ராத்திரி ஷிப்டில், அதாவது சி ஷிப்டில், ரிஜெக்‌ஷன் மற்ற இரண்டு ஷிப்டையும்விட எப்போதும் அதிகம். துளை அளவு குறைந்துபோயிருக்கும், உள்பரப்பு சொரசொரப்பாக இருக்கும். காலை மீட்டிங்கில் தினம் ஒரே தீர்ப்பு: "சி ஷிப்ட் பசங்க தூங்குறாங்க." கேமரா மாட்டலாமா என்றுகூடப் பேச்சு வந்தது.

ஆனால் ஷிப்ட் வாராவாரம் சுற்றுகிறது. போன வாரம் பகலில் ஒழுங்காக ஓட்டியவர்கள்தான் இந்த வாரம் ராத்திரி வருகிறார்கள். பதிவேட்டை எடுத்து ஆள்வாரியாகப் பார்த்தால் யாருடைய பெயரோடும் ரிஜெக்‌ஷன் போகவில்லை. யார் வந்தாலும் அது சி ஷிப்டிலேயே உட்கார்ந்திருந்தது.

ஒரு ராத்திரி மெஷின் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஓட்டிக்கொண்டிருந்தவர் என்னைவிட மூத்தவர், கிருஷ்ணகிரிப் பக்கம். ஷிப்ட் ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்திலேயே ஏர் கேஜ் என்ற அளவுக்கருவியில் துளையின் அளவு கீழே சரிய ஆரம்பித்தது. மெஷினில் ஆஃப்செட், அதாவது அளவுத் திருத்தம், கொடுத்துச் சமாளித்தார். கொஞ்ச நேரத்தில் திரும்பவும் சரிந்தது. துளையைக் கடையும் வெட்டுமுனையான இன்சர்ட் தேய்ந்திருந்தது.

"என்னண்ணே, இன்சர்ட்டை மாத்திடலாமே?"

"எங்க சார் மாத்துறது? நாங்க வரும்போதே அது செத்துப்போய்தான் இருக்கு. டூல் ஸ்டோர் ஒம்போது மணிக்கே பூட்டிட்டாங்க."

"பி ஷிப்ட்ல மாத்தியிருக்கணுமே?"

"மாத்தினா பத்து நிமிஷம் மெஷின் நிக்கும், அவங்க கவுன்ட் குறையும். அடுத்த வாரம் நான் பி ஷிப்ட் வந்தா நானும் மாத்த மாட்டேன் சார். எதுக்குப் பொய் சொல்லணும்?"

மொத்த விஷயமும் அந்தப் பதிலுக்குள் இருக்கிறது. ஷிப்ட் வாரியாக உற்பத்தி இலக்கு வைத்திருந்தார்கள், அதனால் டூல் மாற்றும் பத்து நிமிடத்தை ஒவ்வொரு ஷிப்டும் அடுத்தவர் தலையில் தள்ளியது. ஸ்டோருக்குச் செலவைக் குறைக்கச் சொல்லி இலக்கு, அதனால் ராத்திரி ஆள் போடாமல் பூட்டினார்கள். புரொடக்‌ஷன் தன் எண்ணைத் தொட்டது, ஸ்டோர் தன் எண்ணைத் தொட்டது, ரெண்டுக்கும் சேர்த்து சி ஷிப்ட் திட்டு வாங்கியது. அங்கே கேமரா மாட்டியிருந்தால், விழித்துக்கொண்டே தேய்ந்த இன்சர்ட்டோடு மல்லுக்கட்டும் மனிதர்களைத்தான் படம்பிடித்திருக்கும்.

செய்த மாற்றம் ரொம்பச் சாதாரணமானது. இன்சர்ட் மாற்றுவதை ஷிப்டோடு கட்டாமல் எத்தனை பீஸ் ஓடியது என்ற கவுன்டரோடு கட்டினோம். லைன் பக்கத்திலேயே ஒரு சின்னப் பெட்டியில் மாற்று இன்சர்ட்கள். இலக்கை நாள் முழுக்க மூன்று ஷிப்டுக்கும் பொதுவாக்கினோம். போகிற சூப்பர்வைசரும் வருகிற சூப்பர்வைசரும் மெஷின் முன்னால் நின்று கை மாற்ற வேண்டும் என்று வைத்தோம். கடைசியாகச் சொன்னதற்குத்தான் எதிர்ப்பு அதிகம். பஸ் போயிடும் என்றார்கள். அதனால் பஸ் நேரத்தையும் கொஞ்சம் தள்ளிவைக்கச் சொல்லி டிரான்ஸ்போர்ட் பிரிவோடு பேச வேண்டியதாயிற்று. துளை அளவில் தொடங்கிய பிரச்சினை பஸ் அட்டவணையில் போய் முடிந்தது. ரிஜெக்‌ஷன் இறங்கியது. சி ஷிப்ட் பசங்களும் திடீரென்று நல்ல பசங்களாகிவிட்டார்கள்.

டெமிங்கின் மணிகள்

தர மேலாண்மையின் பெரியவர் எட்வர்ட்ஸ் டெமிங் தன் கருத்தரங்குகளில் ஒரு விளையாட்டு நடத்துவார். ஒரு பெட்டியில் 4,000 மணிகள். ஐந்தில் ஒரு பங்கு சிவப்பு, மிச்சம் வெள்ளை. பார்வையாளர்களில் சிலரை மேடைக்குக் கூப்பிட்டு "தொழிலாளர்கள்" ஆக்குவார். 50 குழிகள் உள்ள ஒரு துடுப்பைப் பெட்டிக்குள் விட்டு ஆளுக்கு 50 மணி எடுக்க வேண்டும். வெள்ளை நல்ல பொருள், சிவப்பு குறைபாடு. டெமிங்தான் ஃபோர்மேன். குறைவாகச் சிவப்பு வந்தவரைப் பாராட்டுவார், சம்பள உயர்வு என்பார். அதிகம் வந்தவரைக் கண்டிப்பார். அடுத்த சுற்றில் பாராட்டு வாங்கினவருக்குச் சிவப்பு கூடிவிடும். "சம்பளம் ஏறினதும் மெத்தனம் வந்துவிட்டது பார்" என்பார். திட்டு வாங்கினவருக்குக் குறைந்துவிடும். "கண்டித்தது வேலை செய்கிறது" என்பார். கூட்டம் சிரிக்கும்.

பெட்டியில் ஐந்தில் ஒன்று சிவப்பாக இருக்கும்போது யார் எடுத்தாலும் சராசரியாகப் பத்துதான் வரும். கூடக்குறைய வருவதெல்லாம் தற்செயல். ஆனால் மேடையில் இருப்பவர்கள் உண்மையிலேயே கையை இப்படி வைக்கலாமா, அப்படிச் சாய்க்கலாமா என்று முயல ஆரம்பித்துவிடுவார்கள். நம் அப்ரைசல் கூட்டங்களில் பாதி இந்த மணி விளையாட்டுதான். என்ன, அங்கே யாரும் சிரிப்பதில்லை.

காப்பி அடித்தவர்களுக்கு ஏன் வரவில்லை?

நம்மியில் ஜிஎம்முக்குப் பாதிப் பங்கு. அவர்களுடைய மேலாளர்கள் உள்ளேயே இருந்து பார்த்தார்கள். டொயோட்டா எதையும் மறைக்கவில்லை. அப்படியும் மற்ற ஆலைகளில் அந்த முறையைக் கொண்டுவர ஜிஎம் படாதபாடு பட்டது. நம்மியின் ஒவ்வொரு மூலையையும் போட்டோ எடுத்துவந்து நம் ஆலையையும் அப்படியே ஆக்குங்கள் என்று உத்தரவு போட்ட மேலதிகாரி ஒருவரைப் பற்றி ஒரு கதை உண்டு. போட்டோவில் கயிறு விழும். கயிற்றை இழுத்தவனிடம் லீடர் என்ன தொனியில் பேசினார் என்பது விழாது.

அதே கலிபோர்னியாவில் வான் நைஸ் என்ற இடத்தில் இருந்த ஜிஎம் ஆலையில் முயன்றார்கள். தொழிலாளர்களில் பலருக்கு நம்பிக்கை இல்லை. சூப்பர்வைசர்களுக்கு லைன் நின்றால் இன்னும் பயம், ஏனென்றால் அவர்களை அளந்த எண் மாறவில்லை. சப்ளையர் அனுப்பிய பாகம் பொருந்தவில்லை என்றால் வரைபடத்தை மாற்றச் சொல்லிக் கேட்க ஆலைக்குள் ஆள் இல்லை. அந்த முடிவெல்லாம் தலைமையகத்தில், வேறு துறையில். 1992-ல் அந்த ஆலையும் மூடப்பட்டது.

நம்மிக்காக டொயோட்டா தரப்பில் வேலை செய்த ஜான் ஷூக் 2010-ல் எழுதிய கட்டுரையில் தன் அனுபவத்தின் சாரமாகச் சொல்வது இது: ஆட்களின் மனப்பான்மையை மாற்றிவிட்டு வேலையை மாற்றலாம் என்று காத்திருக்காதே, வேலை செய்யும் விதத்தை மாற்று, மனப்பான்மை பின்னால் வரும். ரிசார்ட்டுக்குக் கூட்டிப்போய்க் கயிறு இழுக்கும் போட்டி வைக்கும் ஹெச்ஆர் நண்பர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம். அந்தக் கயிறு வேறு, இந்தக் கயிறு வேறு.

எண்கள் ஏமாற்றும் இடம்

டீமின் ஏற்பாட்டைப் பார்க்கத் தொடங்கினால் எண்களையும் சந்தேகத்தோடு பார்க்க வேண்டியிருக்கும். ஹார்வர்டின் ஏமி எட்மன்சன் 1990-களில் மருத்துவமனைப் பிரிவுகளில் மருந்து கொடுப்பதில் நடக்கும் தவறுகளை ஆராய்ந்தார். நல்ல டீமில் தவறு குறைவாக இருக்கும் என்பது எதிர்பார்ப்பு. வந்த எண்கள் தலைகீழ். ஒற்றுமையாக, நல்ல தலைமையோடு இருந்த பிரிவுகளில்தான் பதிவான தவறுகள் அதிகம். தோண்டிப் பார்த்தபோது, அங்கே தவறுகளைத் தைரியமாக வெளியே சொன்னார்கள் என்று புரிந்தது. மோசமான பிரிவுகளில் மூடி மறைத்தார்கள். பயமில்லாமல் பேச முடிகிற டீம்களைப் பற்றி அவர் 1999-ல் எழுதிய ஆய்வுக்கட்டுரைக்கு விதை இதுதான்.

ஆகவே உங்கள் டீமில் பிரச்சினையே வருவதில்லை என்றால் சந்தோஷப்பட அவசரப்படாதீர்கள். கயிறு இருந்தும் யாரும் இழுக்காத லைன் எனக்கு எப்போதும் வயிற்றைக் கலக்கும்.

எல்லைக்கோடு எங்கே?

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைச் சொல்லாமல் ஏற்பாட்டைப் பற்றி எழுத முடியாது. அரசுப் பணியில் ஓய்வு பெற்ற டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-ல் 11 படுக்கைகளோடு தொடங்கியது. அங்கே அறுவை அரங்கில் ஒரு டாக்டருக்கு இரண்டு மேஜைகள். ஒரு மேஜையில் கண்புரை அறுவை நடக்கும்போதே பக்கத்து மேஜையில் அடுத்தவரைத் தயார்செய்து வைத்திருப்பார்கள். டாக்டர் முடித்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். தயார்செய்யும் சிஸ்டர்களில் பெரும்பாலோர் கிராமத்துப் பெண்கள், அங்கேயே இரண்டு வருஷம் பயிற்சி பெற்றவர்கள். மிக அரிதான வளம் டாக்டரின் நேரம், அது எங்கேயும் காத்துக்கிடக்கக் கூடாது என்று கணக்குப் போட்டு, அதைச் சுற்றி டீமை அமைத்திருக்கிறார்கள்.

எனக்குப் பிடித்தது இன்னொன்று. கிராமத்து முகாமில் கண் பரிசோதித்து, அறுவை இலவசம் என்று சொன்ன பிறகும் பலர் வரவில்லை. பயம், விவரம் தெரியாமை என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். விசாரித்தபோது பஸ் செலவு, சாப்பாடு, துணைக்கு வருகிறவரின் ஒருநாள் கூலி என்று ஒவ்வொன்றாக வெளியே வந்தது. அதனால் அழைத்துப்போய்த் தங்கவைத்து, சாப்பாடு போட்டு, திரும்பக் கொண்டுவிடுவதையும் சேர்த்தார்கள். மருத்துவமனையின் எல்லைக்கோடு கேட்டிலிருந்து கிராமத்து வாசல்வரை நகர்ந்தது.

அப்போ ஆளுக்குப் பொறுப்பே இல்லையா?

இருக்கிறது. வேண்டுமென்றே ஏமாற்றுகிறவர், மற்றவர்களை மிதிக்கிறவர் எல்லா இடத்திலும் உண்டு. அவர்களை ஏற்பாட்டின் பேரால் காப்பாற்றத் தேவையில்லை. ஆனால் அப்படிப்பட்டவர்கள் கொஞ்சம் பேர். இருபது பேர் ஒரே தவறைச் செய்தால் இருபது பேரும் கெட்டவர்கள் என்று நம்புவதற்கு எனக்கு மனம் வரவில்லை.

நம்மியும் சொர்க்கமாக இருக்கவில்லை. அதன் வேகம் ஆட்களைப் பிழிகிறது என்று யூனியனுக்குள்ளேயே ஓர் அணி எதிர்த்தது. 1993 மாடலைக் கொண்டுவந்தபோது உடல் நோவுகள் பெருகி, கலிபோர்னியா மாநிலத் தொழில் பாதுகாப்புத் துறை நடவடிக்கை எடுத்தது. நல்ல ஏற்பாடும் கவனிக்காமல் விட்டால் ஆளைத் தின்னும். 2009-ல் ஜிஎம் திவாலாகி விலகியது, 2010 ஏப்ரலில் டொயோட்டா ஆலையை மூடியது. இன்று அதே இடத்தில் டெஸ்லா கார் செய்கிறது.

டீம் லீடாக இருக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்தமுறை "ஆள் சரியில்லை" என்று வாயில் வரும்போது ஒரு தாளை எடுங்கள். கடைசியாகச் சொதப்பிய ஒரே ஒரு வேலையை எடுத்து, அது யார் யார் கை மாறி வந்தது என்று எழுதுங்கள். ஒவ்வொரு கை மாறும் இடத்திலும் கொடுப்பவருக்கு என்ன இலக்கு, வாங்குபவருக்கு என்ன இலக்கு என்று பக்கத்தில் குறியுங்கள். இரண்டும் முட்டிக்கொள்ளும் இடத்தில் வட்டம் போடுங்கள். பிறகு அங்கே வேலை செய்கிறவரிடம் போய், உதவி கேட்டால் எவ்வளவு நேரத்தில் யார் வருகிறார்கள் என்று கேளுங்கள். அந்தப் பதிலைக் கேட்ட பிறகும் ஆளை மாற்ற வேண்டுமென்று தோன்றினால் தாராளமாக மாற்றுங்கள்.